மலையேற்றம் அவர்களுக்கு, வெளியேற்றம் நமக்கா?

2024ஆம் ஆண்டின் இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே.

ஜூன் மாதம். திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தேயிலைத் தோட்டங்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுப் படிவத்தை நீட்டியது நிர்வாகம். கையெழுத்துப் போடு, வீட்டைக் காலி செய், மலையை விட்டு இறங்கு. நான்கைந்து தலைமுறைகளாக அங்கே கொழுந்து கிள்ளியவர்களில் ஆகப் பெரும்பாலோர் நம் மக்கள், தலித் மக்கள்.

அக்டோபர் மாதம். சென்னையில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 14 மாவட்டங்கள், 40 மலைப்பாதைகள். இணையத்தில் பணம் கட்டினால் போதும், வனத்துறையே வழிகாட்டியோடு மலைக்குக் கூட்டிப் போகும்.

இடையில் நான்கே மாதம். ஒரே அரசு, ஒரே வனத்துறை, ஒரே மேற்குத் தொடர்ச்சி மலை. ஒருவருக்கு 'வாருங்கள்', இன்னொருவருக்கு 'இறங்குங்கள்'. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்த பத்திரிகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. ஆகவே நாம் படிப்போம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் மலையேற்றத்துக்கு எதிரிகள் அல்ல. காட்டுக்கும் எதிரிகள் அல்ல. மலை ஏறுவது நல்ல விஷயம். உடம்புக்கு நல்லது, மனசுக்கு நல்லது, திமிரும் கொஞ்சம் குறையும். நம் பிள்ளைகளும் ஏற வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. எங்கள் கேள்வி ஒன்றுதான். மலையில் நடப்பதற்கு உரிமை உள்ளவர் யார், அதை முடிவு செய்வது யார்?

நடப்பது என்பது நமக்கு எப்போதும் பொழுதுபோக்காக இருந்ததில்லை

நடை இந்த நாட்டில் அரசியல். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடந்ததற்காக அடி வாங்கிய தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றைப் பயன்படுத்தவும் நமக்கு உரிமை உண்டு என்று ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. அதை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். அதே ஆண்டில்தான் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் போராட்டம் நடந்தது. நூறாண்டுக்கு முன்பு நம்மவர் கேட்டது சிகரத்தை அல்ல, தெருவை.

அண்ணல் அம்பேத்கரும் ஒரு மலைக்கோட்டைக்குப் போனார். 1934. எல்லோரா குகைகளைப் பார்க்கத் தோழர்களோடு பயணம் போனபோது வழியில் தௌலதாபாத் கோட்டை. முப்பது பேர் அளவில் இருந்தார்கள். தூசி படிந்த முகத்தோடு வந்தவர்கள் வாசலில் இருந்த குளத்தில் முகம், கைகால் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று கூச்சல் எழுந்தது, கூட்டம் கூடியது, வசவு பொழிந்தது. கடைசியில் கோட்டையைப் பார்க்கலாம், ஆனால் உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று நிபந்தனை. தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய காவலன் ஒருவனும் கூடவே அனுப்பப்பட்டான். உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்துப் பட்டம் வாங்கியவருக்கே இந்தக் கதி. அண்ணல் இதை எழுதிய நினைவுக் குறிப்பின் பெயர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருப்பது நமக்குப் பழகிப்போன வேலைதான்.

'அதெல்லாம் அந்தக் காலம், இப்போது யார் சாதி பார்க்கிறார்கள்' என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். நம் பிள்ளைகளில் ஒருவர், ஐ.டி. வேலையில் இருப்பவர், வார இறுதியில் ஒரு மலையேற்றக் குழுவோடு போனார். பெயர் வேண்டாம், குழுவின் பெயரும் வேண்டாம். நாளெல்லாம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ராத்திரி தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்தபோது கேள்வி வந்தது.

'பிரதர், சொந்த ஊர் எது?'

சொன்னார்.

'ஓ, அங்கயா? அங்க நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்களே. நீங்க எந்தத் தெரு?'

ஆறாயிரம் ரூபாய் ஷூ போட்டுக்கொண்டு ஆறாயிரம் அடி ஏறினாலும், 'எந்தத் தெரு' என்ற கேள்வி கூடவே ஏறி வருகிறது. அடுத்த மாதம் அந்தக் குழுவோடு அவர் போகவில்லை. இதற்குப் புகார் எழுத எந்தப் படிவமும் கிடையாது.

'தீண்டப்படாத' காடு

மலையேற்ற விளம்பரங்களில் ஒரு வார்த்தை அடிக்கடி வரும். 'மனிதர் தீண்டாத இயற்கை.' 'யாரும் தீண்டாத பசுமை.' இந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. தீண்டாமை என்ற சொல்லின் எடை தெரியாதவர்களால்தான் இப்படி எழுத முடியும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் யாரும் தீண்டாத காடு எங்கே இருக்கிறது? நீங்கள் ஏறும் பாதையைப் போட்டவன் யார்? வெள்ளைக்காரத் துரை கையில் மண்வெட்டி பிடித்தானா? ஜமீன்தார் பாறை உடைத்தாரா? கங்காணியின் பேச்சை நம்பி, சமவெளியில் சேரியையும் பசியையும் விட்டு ஓடி, தலையில் சுமையோடு ஏறிய கூலிகளின் கால்கள்தான் அந்தப் பாதையை மிதித்து உண்டாக்கின. அதற்கும் முன்பே காணிக்காரர்கள், பளியர்கள், காடர்கள், முதுவர்கள் நடந்த தடம் அது. தீண்டாத காடு என்று சொல்வது, தீண்டியவர்களை மனிதர் கணக்கில் சேர்க்காமல் விடுவது. அவ்வளவுதான்.

மாஞ்சோலையின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் 8,373 ஏக்கரை 1929இல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. ஒரு கொலை வழக்கை நடத்திய செலவில் ஏற்பட்ட கடனை அடைக்கத்தான் கொடுத்தார்கள் என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். ஜமீன் ஒழிப்பு வந்து நிலம் அரசுக்குப் போனது. குத்தகை மட்டும் போகவில்லை. நிலம் கை மாறியபோது கம்பெனிக்கு ஒரு குறையும் வரவில்லை.

காட்டை வெட்டித் தேயிலை நட்டது நம் மக்கள். அட்டை கடித்து ரத்தம் வழிய, மழையில் நனைந்து, கூடை சுமந்து கொழுந்து எடுத்ததும் நம் மக்கள். இன்றைக்கு மலையேற வருகிறவர்களுக்கு அட்டை என்றால் ஒரு சாகசக் கதை. சாக்ஸ் மேல் மூக்குப்பொடியும் உப்பும் தடவிக்கொண்டு, கடித்த இடத்தைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். தோட்டத்துப் பெண்ணுக்கு அது சாகசமல்ல, திங்கட்கிழமை.

அவர்கள் குடியிருந்த லைன் வீடு ஒருநாளும் அவர்களுடையதாக இருந்ததில்லை. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் வீடு போகும். பிள்ளைகளில் ஒருவரைத் தோட்ட வேலையில் சேர்த்தால்தான் கிழவனும் கிழவியும் அதே கூரைக்குக் கீழே இருக்கலாம். படித்து மேலே வர நினைத்த எத்தனை பிள்ளைகள், பெற்றவர்களின் கூரைக்காகக் கூடையைத் தூக்கினார்கள் என்பதற்குக் கணக்கு யாரிடமும் இல்லை.

கூலி கேட்டபோது என்ன கிடைத்தது? 1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், சிறையில் அடைக்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீஸ் அடித்துத் துரத்தியது. ஆற்றில் இறங்கியவர்களையும் விடவில்லை. 17 பேர் செத்தார்கள். பெண்கள் உண்டு அதில், ஒரு கைக்குழந்தையும் உண்டு. மாஞ்சோலை மலையில் பெய்யும் மழைதான் மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் கலக்கிறது. மேலே அந்த நீரைக் குடித்து வாழ்ந்தவர்கள், கீழே அதே நீரில் பிணமாக மிதந்தார்கள். ஒவ்வொரு ஜூலை 23 அன்றும் நாம் ஆற்றில் பூப்போடுவது சடங்குக்காக அல்ல.

புலி வந்தது, சட்டம் வந்தது, நமக்கு மட்டும் எதுவும் வரவில்லை

1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்தது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். 895 சதுர கிலோமீட்டர். கம்பெனியின் குத்தகை நிலம் அந்தப் பரப்போடு ஒப்பிட்டால் நூற்றுக்கு நான்கு பங்குகூட வராது. அந்த நான்கு பங்கில் நம் மக்கள் வாழ்ந்ததுதான் புலிக்குப் பெரிய இடைஞ்சல் என்று இப்போது சொல்லப்படுகிறது.

அதே மலையில் அணைகள் இருக்கின்றன, நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் மக்கள் வந்து நாள்கணக்கில் தங்குகிறார்கள். அது மக்களின் வழிபாட்டு உரிமை, அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காட்டைக் குத்தகைக்கு விட்ட சிங்கம்பட்டி ஜமீன் வாரிசுக்கு அந்தத் திருவிழாவில் ராஜ உடையும் மரியாதையும் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. குத்தகை நிலத்தில் உழைத்தவனுக்கு ஒரு சென்ட் நிலமில்லை. ராஜாவுக்கு நினைவு உண்டு, கூலிக்கு நோட்டீஸ்.

அந்தக் கோயிலிலேயே பட்டவராயன் சன்னதி இருக்கிறது. முத்துப்பட்டன் கதை தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிராமணக் குலத்தில் பிறந்து, சக்கிலியப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாமன் வீட்டுத் தொழிலையும் ஏற்றுக்கொண்டு, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன். அவனுக்கு இன்றும் தோல் செருப்புதான் காணிக்கை. ஊரில் நம்மைச் செருப்புப் போடாதே என்றவர்களும் அந்தக் காட்டுக்குள் வந்து சாமிக்குச் செருப்பு கட்டுகிறார்கள். விலை உயர்ந்த மலையேற்றக் காலணியோடு அந்தக் காட்டுக்குள் வருகிறவர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான்: அந்தச் செருப்பின் கதையையும் வழிகாட்டியிடம் கேளுங்கள். இந்தக் காட்டின் வரலாறு பறவைகளோடும் வண்ணத்துப்பூச்சிகளோடும் முடிந்துவிடுவதில்லை.

'வன உரிமைச் சட்டம் இருக்கிறதே' என்பார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம். காட்டில் வாழும் மக்களுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியைச் சரி செய்வதாகச் சட்டத்தின் முகப்பிலேயே எழுதியிருக்கிறது. நல்ல சட்டம். அதற்காகப் போராடியவர்களில் நாமும் இருந்தோம். ஆனால் அதில் நமக்கு வைத்திருக்கும் கதவின் அளவைப் பாருங்கள். பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பு காட்டில் குடியிருந்திருக்க வேண்டும். மற்றவர்கள், அதாவது காட்டை நம்பி வாழும் தலித்துகள் உட்பட்டவர்கள், அந்தத் தேதிக்கு முன்பு மூன்று தலைமுறை அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு. மொத்தம் 75. கழித்துப் பார்த்தால் 1930 டிசம்பர்.

மாஞ்சோலைக் குத்தகையோ 1929. அதாவது குத்தகை எழுதிய மை காய்வதற்குள் நம் பாட்டன் மலையில் ஏறியிருக்க வேண்டும், ஏறியதற்குச் சான்றும் இருக்க வேண்டும். சான்று எங்கே? செக்ரோலும் பேரேடும் கம்பெனியின் அலமாரியில். எழுதப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தவனின் பேரன், அந்தக் கைநாட்டுக்கு நகல் கேட்டு யாரிடம் போவான்? தவிர, நீ காட்டை நம்பி வாழ்ந்தவன் அல்ல, கம்பெனியை நம்பி வாழ்ந்தவன் என்று இன்னொரு பூட்டும் போடுகிறார்கள். கம்பெனிக்கு அவன் கூலி. காட்டுக்கு அவன் அந்நியன். சமவெளியில் அவனுக்கு நிலம் இல்லை. அப்படியென்றால் அவன் எந்த ஊர்க்காரன்?

2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் தோட்டத்தை அரசின் டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. டான்டீயே எதற்காக வந்தது என்பதை நினைவுபடுத்துகிறோம். 1964இல் இரண்டு பிரதமர்கள் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியிலும் வால்பாறையிலும் அரசு தேயிலை நட்டது. அந்த மக்களிலும் பெரும் பகுதி நம்மவர்கள். தேவைப்பட்டபோது மலையில் மனிதர்களைக் குடியேற்றியது அரசுதான். தேவை தீர்ந்ததும் மனிதர்கள் ஆக்கிரமிப்பாளர் ஆகிறார்கள்.

சூழலியல் நண்பர்களுக்கு

சூழலியல் நண்பர்கள் சிலர் எங்களிடம் நேர்மையாகவே கேட்கிறார்கள். 'தேயிலைத் தோட்டம் காடு இல்லையே. ஒற்றைப் பயிர், பூச்சிக்கொல்லி. தாமிரபரணியின் நீர்ப்பிடிப்புப் பகுதி மறுபடியும் சோலைக்காடாக வேண்டாமா? மூன்று மாவட்டம் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறது?'

வேண்டும். நாங்கள் மறுக்கவில்லை. அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுகிறவர்களிலும், கடைமடையில் தண்ணீர் இல்லாமல் வயிறு காய்கிறவர்களிலும் நம் மக்கள்தான் அதிகம். சோலைக்காடு திரும்பினால் நமக்கும் நல்லது. தேயிலை புனிதம் என்று நாங்கள் எங்கும் சொல்லவில்லை. நம்மை அடிமையாக வைத்திருந்த செடி அது. அதன்மேல் நமக்கு என்ன பாசம்?

ஆனால் காட்டைத் திரும்பக் கொண்டுவருவது என்றால் தேயிலையைப் பிடுங்க வேண்டும், அந்நிய மரங்களை அகற்ற வேண்டும், நாற்றங்கால் போட வேண்டும், நட வேண்டும், ஆண்டுக்கணக்கில் காக்க வேண்டும். இதற்கு ஆள் வேண்டாமா? எந்தச் சரிவில் எந்தக் காற்று அடிக்கும், எந்த ஓடை எந்த மாதம் வற்றும், யானை எந்த வழியாக இறங்கும் என்று நான்கு தலைமுறையாகத் தெரிந்தவர்களை இறக்கிவிட்டு, யாரை வைத்து நடுவீர்கள்? ஒப்பந்தக்காரன் கூட்டி வரும் வேறு கூலியை வைத்தா? அப்போதும் குழி தோண்டப் போவது இன்னொரு தலித்தோ இன்னொரு பழங்குடியோதான். வித்தியாசம், அவனுக்கு லைன் வீடுகூட இருக்காது.

மேலும், 'மனிதன் இருந்தால் காட்டுக்கு ஆபத்து' என்பது கொள்கையானால், அது எல்லா மனிதனுக்கும் ஒரே கொள்கையாக இருக்கட்டும். கொழுந்து கிள்ளும் கால் காட்டைக் கெடுக்கும், கட்டணம் கட்டிய கால் காட்டைக் காக்கும் என்றால் அது அறிவியல் அல்ல. விறகு பொறுக்கினால் வழக்கு, வனத்துறை விடுதியில் தங்கினால் விருந்தாளி என்றால் அது பாதுகாப்பும் அல்ல. அதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு.

வனத்துறை என்றால் மலையேறுகிறவர்களுக்கு ஒரு பதிவுத் தளம், ஒரு சீருடைப் புன்னகை. நம் மக்களுக்கும் பழங்குடி மக்களுக்கும் வனத்துறை என்றால் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று போய் ஒரு ஊரையே சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தவர்களில் வனத்துறையினர் இருந்தார்கள். போலீஸ், வருவாய்த் துறையினரும் இருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பு. அதை உயர் நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டு. இந்த நினைவோடுதான் நாங்கள் ஒவ்வொரு சோதனைச் சாவடியையும் கடக்கிறோம்.

வழி காட்டுகிறவர்களும் தூக்கி வருகிறவர்களும்

'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் பழங்குடி இளைஞர்களையும் மலைக் கிராம இளைஞர்களையும் வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். இதை வரவேற்கிறோம். குறை மட்டுமே சொல்வது எங்கள் வேலை அல்ல. ஆனால் வழிகாட்டியின் வரலாறும் நமக்குத் தெரியும்.

1987இல் அகத்தியமலைக் காட்டுக்குள் ஒரு விஞ்ஞானிகள் குழு போனது. வழி காட்டப் போனவர்கள் காணிக்காரர்கள். ஏற்றத்தில் விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயை மென்றபடி களைப்பில்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை. அந்த அறிவிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. காப்புரிமை, உரிமத் தொகை, நிறுவனம் என்றெல்லாம் விரிந்தது. வருமானத்தில் பாதி காணி மக்களுக்கு என்று ஒப்பந்தமும் வந்தது, அது உலகம் முழுக்க முன்மாதிரியாகப் பேசப்பட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அந்த வழிகாட்டி மென்றதை யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால், நாள் கூலி வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருப்பார். நம் நாட்டில் மலையேற்றம் என்பது பெரும்பாலும் இதுதான். ஏறியவன் பெயர் எழுதப்படும். வழி காட்டியவன் 'உள்ளூர்க்காரர்' ஆவான்.

குரங்கணியை மறக்க முடியுமா? 2018 மார்ச் 11. தேனி மாவட்ட மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிர் போனது. அதில் இளம் பெண்கள் பலர். அந்தக் குடும்பங்களின் துயரத்தில் எங்களுக்கும் பங்குண்டு. யாருடைய பிள்ளையும் அப்படிச் சாகக்கூடாது. தீ சூழ்ந்த சரிவுக்கு முதலில் ஓடியவர்கள் யார்? ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் ஏறியவர்கள் உள்ளூர் மக்கள். பாதை தெரிந்த கால்கள். கருகிய உடம்புகளைக் கம்பளியில் போட்டுத் தோளில் சுமந்து இறக்கிய தோள்கள். விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, அனுமதி முறை வந்தது. சரி. ஆனால் மலையில் ஆள் இருந்ததால்தான் சிலராவது பிழைத்தார்கள் என்ற பாடம் எந்த விதியிலும் எழுதப்படவில்லை. எல்லோரையும் இறக்கிவிட்ட மலையில் நாளை தீப்பிடித்தால் யார் ஓடுவார்கள்?

வேட்டைத் தடுப்புக் காவலர்களைக் கேட்டுப் பாருங்கள். யானை விரட்டுவது, தீ அணைப்பது, ரோந்து போவது எல்லாம் அவர்கள். ஆண்டுக்கணக்கில் தற்காலிகப் பணியாளர்களாகவே காலம் தள்ளுகிறவர்கள் எத்தனை பேர்! காட்டைக் காப்பவனின் வேலைக்கே காப்பு இல்லை.

நமக்குள்ளும் ஒன்று

நம் தோழர்கள் சிலர் பேசும்போது 'பழங்குடிக்கு மட்டும் சலுகை, நமக்கு இல்லை' என்று சொல்லக் கேட்கிறோம். இது ஆபத்தான பேச்சு. முண்டந்துறைக் காட்டில் காணி மக்களின் உரிமை நமக்கு முந்தையது. அதைக் குறைத்து நமக்குக் கேட்பது நம் அரசியல் அல்ல. தலித்தையும் பழங்குடியையும் மோதவிட்டால் லாபம் யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். 75 ஆண்டு நிபந்தனையை எதிர்ப்போம். அடுத்தவன் கதவை அடைக்கச் சொல்ல மாட்டோம்.

அதேபோல, மலை உரிமை என்று பேசுகிற நாம் பெண்களின் மலை உரிமையையும் பேச வேண்டும். கேரளப் பக்கம் அகத்தியர்கூடம் சிகரத்துக்குப் பெண்கள் ஏற நீண்ட காலம் அனுமதி இல்லை. நீதிமன்றம் போய்த்தான் 2019 ஜனவரியில் முதல் பெண் சிகரம் தொட்டார். எந்தச் சமூகத்தின் மரபு என்று சொன்னாலும் தீட்டு தீட்டுதான். நமக்கு ஒரு நியாயம், நம் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நியாயம் கிடையாது.

நாம் கேட்பது

புலம்புவதற்காக இதை எழுதவில்லை. தெளிவாகக் கேட்கிறோம்.

ஒன்று. மாஞ்சோலை மக்களின் மறுவாழ்வு அடுக்குமாடியில் ஒரு அறையோடு முடியக்கூடாது. புலிகள் காப்பகங்களிலிருந்து வெளியேறும் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்று 2021 முதல் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் அளவுகோல் இருக்கிறது. அதற்குக் குறையாத தொகையும், அதோடு பயிர் செய்ய நிலமும் வேண்டும். பஞ்சமி நிலம் யார் யார் கையிலோ கிடக்கும் மாநிலத்தில் நிலம் இல்லை என்று சொல்லாதீர்கள்.

இரண்டு. மலையைக் காடாக்கும் பணி முழுவதும் அந்தத் தொழிலாளர்களுக்கே, நிரந்தர வேலையாக, வனத்துறையின் நேரடி ஊதியத்தில். இறங்கியவர்களில் திரும்ப விரும்புகிறவர்களுக்கு முதல் உரிமை.

மூன்று. மலையில் புதைக்கப்பட்ட நம் முன்னோரின் கல்லறைகளுக்கும், கோயில், தேவாலயங்களுக்கும் போய்வர அந்தக் குடும்பங்களுக்குக் கட்டணமில்லாத, காலவரையில்லாத உரிமை. தாயின் கல்லறையைப் பார்க்கச் சுற்றுலாச் சீட்டு வாங்கும் நிலை எந்த மகளுக்கும் வரக்கூடாது.

நான்கு. மலையேற்றக் கட்டணம் கட்ட முடியாதவனுக்கும் மலை இருக்கிறது. அரசுப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை இந்த 40 பாதைகளில் இலவசமாகக் கூட்டிப் போகட்டும். சேரிப் பிள்ளை சிகரத்தில் நின்று தன் ஊரைக் கீழே பார்க்கட்டும். ஊரும் சேரியும் மேலிருந்து பார்த்தால் எவ்வளவு சிறியவை என்று அது தெரிந்துகொள்ளட்டும்.

ஐந்து. வழிகாட்டிகளுக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் பணி நிரந்தரம், காப்பீடு. பாதை அறிமுகத்தில் பறவைகளின் பெயரோடு, அந்தப் பாதையைப் போட்ட மக்களின் வரலாறும் சொல்லப்பட வேண்டும்.

ஆறு. வன உரிமைச் சட்டத்தின் 75 ஆண்டு நிபந்தனை திருத்தப்பட வேண்டும். தோட்ட நிர்வாகங்களிடம் உள்ள பழைய பேரேடுகள் அரசு ஆவணக் காப்பகத்துக்கு வர வேண்டும்.

மலையேறும் நண்பர்களுக்குக் கடைசியாக ஒன்று. காட்டில் தடம் விடாமல் திரும்பி வாருங்கள் என்று உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். நல்ல பாடம், பிளாஸ்டிக்கை அங்கே போடாதீர்கள். ஆனால் அடுத்த முறை ஏறும்போது, இடிந்த லைன் வீட்டுச் சுவரோ, புதர் மூடிய கல்லறையோ, ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட தேயிலைச் செடியோ கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தத் தடம் தானாக அழியவில்லை. அழிக்கப்பட்டது.

குத்தகை 2028இல் முடிகிறது. கம்பெனியின் கணக்கு அன்றோடு தீரும். நம் கணக்கு தீராது. மலை யாருடையது என்று கேட்டுக்கொண்டே இருப்போம், கேட்டுக்கொண்டே ஏறுவோம்.

ஜெய்பீம்!